உயிரைத் தாங்கும் கயிறு

தை பிறந்துவிட்டால் நம் பகுதியில் புளியமரங்களின் அடியில் படுதாக்கள் விரியத் தொடங்கும். சூளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, இராயக்கோட்டை என எத்திசையில் சென்றாலும், மரத்தின்மேல் ஒருவர் நின்று கிளையை உலுக்குவதையும், கீழே பெண்களும் முதியோரும் பழம் பொறுக்குவதையும் பங்குனி முடியும்வரை காணலாம். புளி ஓய்ந்ததும் மாங்காய்ப் பறிப்பு வரும். காவேரிப்பட்டினத்திலும் போச்சம்பள்ளியிலும் தேங்காய் வெட்டு ஆண்டு முழுவதும் உண்டு. மரம் ஏறாத மாதம் என்று ஒன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இல்லை.

மரம் ஏறுகிறவர் பெரும்பாலும் தம் கைகால்களையே நம்பி ஏறுகிறார். சிலர் இடுப்பில் ஒரு கயிற்றையும் சுற்றிக் கொள்கின்றனர். அந்தக் கயிறு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். சென்ற ஆண்டு மாடு கட்டியது, கிணற்றில் நீர் இறைத்தது, நெடுஞ்சாலையில் லாரிப் பாரம் கட்டிப் பழசானது என்றே விடை வரும். வீட்டுக் கொல்லையில் கிடந்தது, கைக்கு அகப்பட்டது, எடுத்துக்கொண்டு புறப்பட்டாயிற்று. காய்கறி வாங்கும்போது புரட்டிப் புரட்டிப் பார்க்கும் நாம், ஒரு மனிதரின் உயிர் தொங்கும் கயிற்றை அவ்வாறு பார்ப்பதில்லை.

இம்மாதம் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. பாரம் இழுத்த கயிறு உயிரைத் தாங்கும் கயிறு ஆகாது. மரம் ஏறுவதற்கென்று ஒரு கயிறு தனியே வாங்கப்பட வேண்டும். அது வேறு எந்த வேலைக்கும் போகக் கூடாது. அது வந்த நாள் முதல் பட்ட பாடு அனைத்தும் அதன்மீது ஏறுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆலையில் உள்ள ஒழுங்கு

ஓசூரில் உள்ள நமக்கு இது புதிய செய்தி அன்று. 1970-களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய நாள் முதல் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் ஆலைகளில் பணிபுரிந்து வருகின்றனர். பாரம் தூக்கும் கயிறும் சங்கிலியும் ஆலைகளில் எப்படிப் பேணப்படுகின்றன என்பதை அவர்கள் அறிவார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 29-ஆம் பிரிவில், பாரம் தூக்கும் பொறிகளையும் அவற்றின் சங்கிலிகளையும் கயிறுகளையும் தகுதி பெற்ற ஒருவர் 12 மாதங்களுக்கு ஒரு முறையேனும் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று விதித்தது. இரும்புப் பெட்டியைத் தூக்கும் கயிற்றுக்கு அத்தனை காவல்! அதே ஆலைத் தொழிலாளியின் தம்பி புளியமரத்தில் ஏறும்போது கொண்டுபோகும் கயிற்றுக்கோ ஆண்டுக்கு ஒரு சோதனைகூட இல்லை. ஆலையில் கற்ற ஒழுங்கை அண்ணன் வீட்டுக்கும் கொண்டுவந்தால், இந்தக் கட்டுரையின் நோக்கத்தில் பாதி நிறைவேறிவிடும்.

எந்தக் கயிறு?

நம் முன்னோர் அறிந்தவை நார்க் கயிறுகள். பனையேறிகள் பனைமட்டையின் நாரைக் கொண்டு தம் காலுக்கு ஏற்ற தளைநாரைத் தாமே முடைந்து கொண்டனர். நீலகிரிக் காடுகளில் பாறைத் தேன் எடுக்கும் பழங்குடியினர் காட்டுக் கொடிகளைத் திரித்து ஏணிக் கயிறு செய்வர். தேன் எடுப்பவர் பாறையில் தொங்கும்போது மேலே நின்று கயிற்றைக் காப்பவர் அவருடைய மைத்துனராய் இருப்பது வழக்கம் என்று அம்மக்களைப் பற்றிய பதிவுகள் கூறுகின்றன. தன் தங்கை கைம்பெண் ஆகக் கூடாது என்று கருதுகிறவன் கயிற்றை விட்டு விலகமாட்டான் அன்றோ! கயிற்றைச் செய்தவரும் காத்தவரும் அதில் தொங்கியவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். கடையில் வாங்கும் கயிற்றில் நாம் இழந்தது இந்த அறிமுகத்தைத்தான்.

தேங்காய் நார்க் கயிறு சொரசொரப்பானது, கைக்கு நல்ல பிடி தரும். ஆனால் வலுவில் மிகக் குறைந்தது. நனைந்து உலராமல் கிடந்தால் உள்ளேயே மக்கும். பழக்கூடையை இறக்க அது போதும். ஆளைத் தாங்க அதனை நம்பலாகாது.

செயற்கை இழைக் கயிறுகளில் கடைக்காரரும் வாங்குகிறவரும் பளபளப்பான எல்லாவற்றையும் நைலான் என்றே சொல்லிவிடுகின்றனர். உண்மையில் நம் சந்தைகளில் மஞ்சள், நீலம், பச்சை நிறங்களில் குவிந்து கிடப்பவற்றில் பெரும்பகுதி பாலிபுரொப்பிலீன் என்னும் மலிவான பிளாஸ்டிக் கயிறு. வேறுபாடு காண வீட்டிலேயே ஓர் எளிய சோதனை உண்டு. கயிற்றில் ஒரு சிறு துண்டை வெட்டி, இழைகளைப் பிரித்து, வாளி நீரில் அமிழ்த்திக் காற்றுக் குமிழ்கள் போகுமாறு பிசைந்து விடுங்கள். மிதந்தால் அது பாலிபுரொப்பிலீன். நைலான் நீரில் மூழ்கும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? 12 மி.மீ. பருமனுள்ள புதிய முப்புரி நைலான் கயிறு ஏறத்தாழ 3,000 கிலோ இழுப்பில் அறும். அதே பருமனுள்ள பாலிபுரொப்பிலீன் 2,000 கிலோ அளவிலும், மணிலா நார்க் கயிறு 1,000 கிலோ அளவிலும் அறுந்துவிடும். இவையெல்லாம் புதுக் கயிற்றின் கணக்கு. பாலிபுரொப்பிலீன் வெயிலில் விரைவில் நலிந்து பொடியாகும் தன்மையுடையது. குறைந்த சூட்டிலேயே உருகவும் செய்யும். லாரியின் மேல் ஓராண்டு வெயில் தின்ற கயிறு, நிறம் மங்கியும் தோற்றத்தில் தடித்தும் இருக்கலாம். உள்ளிருக்கும் வலு எவ்வளவு என்பதை யாராலும் சொல்ல இயலாது.

மரம் ஏறும் தொழிலுக்கென இன்று உலகெங்கும் பயன்படுவது உறையிட்ட கயிறு. உள்ளே பாரம் தாங்கும் இழைக் கற்றை, அதைச் சுற்றி நெருக்கமாகப் பின்னிய உறை என இருபகுதி கொண்டது. உராய்வை உறை ஏற்றுக்கொள்கிறது. உள்ளிருக்கும் கற்றை காக்கப்படுகிறது. இதற்கான ஐரோப்பியத் தர விதி இ.என். 1891 என்பது. அதன் ஏ வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 2,200 கிலோ எடைக்கு நிகரான இழுப்பைத் தாங்க வேண்டும்.

அறுபது கிலோ மனிதருக்கு 2,200 கிலோ தாங்கும் கயிறா என்று சிலர் வியக்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 2 மீட்டர் விழுந்தபின் கயிறு இறுகி, மேலும் அரை மீட்டர் நீண்டு அவரை நிறுத்துகிறது என்று கொள்வோம். கயிற்றின்மீது சராசரியாக விழும் இழுப்பு 300 கிலோ. கயிறு நீளாமல் 10 செ.மீ. தொலைவுக்குள் அவரை நிறுத்தினால் இழுப்பு 1,260 கிலோ ஆகிவிடும். அந்த அளவுக்குக் கயிறே அறாவிட்டாலும் உடல் தாங்காது. விழுகிறவரைத் தடுக்கும் சாதனங்களில் உடலின்மீது வரும் இழுப்பு 6 கிலோநியூட்டனை, அதாவது ஏறத்தாழ 600 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. இதனுடன் முடிச்சுப் போடுவதால் கயிறு தன் வலுவில் மூன்றில் ஒரு பங்கு வரை இழக்கக்கூடும் என்பதையும், நாள்பட்ட தேய்வையும் சேர்த்துக் கொள்ளுங்கள். வாங்கும்போது தாங்கும் சுமையைப்போல் பத்து மடங்கு வலு கேட்பது வீண் அன்று.

நம் ஊர்க் கயிற்றுக் கடைகளில் கயிறு கிலோக் கணக்கில் எடைபோட்டு விற்கப்படுகிறது. அதில் சீட்டும் இல்லை, ஆண்டும் இல்லை. ஆலைகளுக்குப் பாதுகாப்புச் சாதனம் விற்கும் கடைகள் ஓசூரில் உள்ளன; உயிர்க் கயிற்றை அத்தகைய இடத்தில் கேட்டு வாங்குவதே முறை. கயிற்றில் தர விதியின் எண்ணும், பருமனும், செய்த ஆண்டும் குறித்த சீட்டு இருக்க வேண்டும். உடலில் அணியும் பட்டைக்கு ஐ.எஸ். 3521 என்னும் இந்தியத் தர எண்ணைப் பாருங்கள். இடுப்பில் மட்டும் கயிறு கட்டி விழுந்தவர், தரையில் மோதாமல் தப்பினாலும், வயிறும் நெஞ்சும் நெருக்குண்டு மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. தோளையும் தொடையையும் சுற்றி அணியும் முழுவுடல் பட்டையே தக்கது.

மரத்தில் கட்டும்போது

நல்ல கயிறும் தவறான இடத்தில் கட்டினால் பயன்படாது. கயிற்றைக் கட்டும் கிளை பசுமையானதாய், அடிமரத்தை ஒட்டிய இடத்தில் ஆளைத் தாங்கும் பருமனுள்ளதாய் இருத்தல் வேண்டும். வயது முதிர்ந்த புளியமரங்களில் வெளியே உரமாகத் தோன்றும் கிளையும் உள்ளே பொந்தாக இருப்பதுண்டு. ஏறுமுன் தட்டிப் பார்த்து ஓசையைக் கேளுங்கள். பட்டுப்போன கிளையில் கட்டவே கூடாது.

கட்டும் இடம் எப்போதும் தலைக்கு மேலே இருக்கட்டும். கயிறு தளர்ந்து தொங்க வேண்டாம். மேலே கண்ட கணக்கில் 2 மீட்டர் வீழ்ச்சியை அரை அடியாகக் குறைப்பது இந்தப் பழக்கமே. முடிச்சுகளில் எட்டு வடிவ முடிச்சு பிரியாது. சரியாகப் போட்டிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்தே அறியலாம். முடிச்சுக்கு வெளியே ஒரு சாண் அளவேனும் முனை மிஞ்சி நிற்க வேண்டும்.

புளியம்பட்டை வெடித்துக் கரடானது. கயிற்றை அரம்போல் அராவும். எறும்பூரக் கல்லும் தேயும் என்பார்கள். கயிறோ கல்லைப்போல் உறுதியானதன்று. கிளையின்மேல் மடித்த சாக்கைப் போட்டு அதன்மேல் கயிற்றை அமைத்தால் தேய்வு பெரிதும் குறையும். ஒரு கயிற்றின்மேல் இன்னொரு கயிறு ஓடுமாறு விடாதீர்கள். செயற்கை இழை உராய்வின் சூட்டில் உருகும். ஓடாமல் நிற்கும் கயிற்றின் ஒரே இடத்தில் சூடு குவிந்து, சிறிது நேரத்தில் அறுத்துவிடும். வேகமாகச் சறுக்கி இறங்குவதும் அவ்வாறே கயிற்றைக் கருக்கும். அரிவாள் கொண்டு வெட்டும் வேலையானால், அரிவாள் வீச்சுக்கு எட்டும் இடத்தில் கயிறு இருக்கலாகாது.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. தை மாதக் காலையில் பனி கொட்டும். மரப்பட்டை வழுக்கும், நனைந்த நைலானும் தன் வலுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும். வெயில் ஏறி மரம் உலர்ந்த பிறகு ஏறுவதால் கூலி குறைந்துவிடாது.

எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு இன்னொரு குறிப்பு. மேலே இருப்பவர் தமிழ் பேசுபவராகவும், கீழே கயிறு பிடிப்பவர் கன்னடமோ தெலுங்கோ பேசுபவராகவும் இருப்பது இங்கே இயல்பு. நமக்குக் கயிறு என்பது தெலுங்கருக்குத் தாடு. 'நிறுத்து', 'தளர்த்து', 'இறுக்கு' ஆகிய மூன்றுக்கும் எந்தச் சொல் என்பதை ஏறுமுன் பேசி முடிவு செய்து கொள்ளுங்கள்.

கயிற்றுக்கும் ஆயுள் உண்டு

வேலை முடிந்து திரும்பிய கயிற்றை அப்படியே மூலையில் எறிவது நம் வழக்கம். புளியின் பிசுக்கில் மண் ஒட்டும். அந்த மணல் துகள் இழைகளுக்கிடையே புகுந்து, கயிறு வளையும்போதெல்லாம் உள்ளிருந்து அறுக்கும். ஆகவே கயிற்றை மிதிக்காதீர்கள், தரையில் இழுக்காதீர்கள். அழுக்கானால் தண்ணீரில் மென்மையான சோப்பு கலந்து அலசி, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். வெயில் செயற்கை இழைக்குப் பகை.

உலர்ந்தபின் துணிப்பையில் இட்டு ஆணியில் மாட்டி வையுங்கள். தரையில் வைத்தால் எலி கடிக்கும். உர மூட்டை, பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, பெட்ரோல், பேட்டரி இவற்றின் அருகே வைக்கலாகாது. பேட்டரித் திராவகம் நைலானைத் தின்னும். கறை சிறிதாகத் தெரியும், சேதம் பெரிதாக இருக்கும். அந்தக் கயிற்றில் துணி உலர்த்தலாமா என்று இல்லத்தரசியர் கேட்பார்கள். கூடாது. குழந்தைகளுக்கு ஊஞ்சல் கட்டவும் கூடாது. நம் வீடுகளில் கயிற்றை இரவல் கேட்பது சகஜம். இந்த ஒரு கயிற்றை மட்டும் இரவல் தராதிருப்பது கருமித்தனம் ஆகாது.

ஒவ்வொரு முறை ஏறுமுன்னும் கயிற்றை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரல்களுக்கிடையே மெல்ல நகர்த்திப் பாருங்கள். கண்ணைவிட விரலே இங்கு நல்ல சோதகர். உறையிட்ட கயிற்றில் எங்கேனும் புடைப்போ பள்ளமோ விறைப்போ தட்டுப்பட்டால், உள்ளிருக்கும் கற்றை பழுதுபட்டது என்று அறியலாம். பளபளவென்று கண்ணாடிபோல் இறுகிய இடம், சூட்டில் உருகிய இடம். உறை கிழிந்து உள்ளிழை தெரிந்தால் ஐயமே வேண்டாம், அந்தக் கயிறு முடிந்தது.

முப்புரிக் கயிறானால் புரிகளை முறுக்கவிழ்த்து உள்ளே பாருங்கள். உள்நிறம் புதுமையாக இருந்தால் நலம். பொடி உதிர்ந்தாலோ, பூஞ்சை நாற்றம் அடித்தாலோ அது கழிக்க வேண்டியது. திருவிவிலியத்தில் சபை உரையாளர் நூல் முப்புரிக் கயிற்றை உறுதிக்கு உவமையாக எடுத்தாள்கிறது. மூன்று புரியும் சேர்ந்திருக்கும் வரைதான் அந்த உறுதி. ஒரு புரி அறுந்த கயிற்றில் மற்ற இரண்டையும் நம்பி ஏறக்கூடாது.

தென்னை ஏறும் கருவி வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். கேரளத்தின் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் வடிவமைத்த கருவியில் மரத்தைச் சுற்றிப் பிடிப்பது இரும்புக் கம்பிக் கயிறு. அதில் ஓர் இழை அறுந்து முள்போல் நீட்டினாலும், துரு ஏறினாலும் மாற்ற வேண்டியதே. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சித் திட்டம் இக்கருவியைப் பலருக்கும் பழக்கியது.

பழுதே தெரியாவிட்டாலும் கயிறு முதுமை அடையும். பயன்படுத்தாமல் வைத்த செயற்கைக் கயிற்றுக்கும் 10 ஆண்டுகளே உச்ச ஆயுள் என்று செய்வோர் பெரும்பாலும் குறிப்பிடுகின்றனர். அடிக்கடி ஏறும் கயிறு மிக முன்னதாகவே ஓய்வு பெறும். ஒரு பெரும் வீழ்ச்சியைத் தாங்கிய கயிறு, தன் கடமையை முடித்துவிட்டது என்று கொள்க. வாங்கிய நாளையும் ஒவ்வொரு பருவத்தின் சோதனையையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி, கயிற்றுப் பையிலேயே வையுங்கள். கழித்த கயிற்றை முழுதாக விட்டுவைக்காதீர்கள். நாளை அறியாத ஒருவர் அதை எடுத்துக்கொண்டு மரம் ஏறுவார். முழ நீளத் துண்டுகளாக வெட்டிவிடுங்கள்.

யாருடைய பொறுப்பு?

புளிமரம் ஒருவருடையது. காய்ப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் மற்றொருவர். நாள்கூலிக்கு ஏறுகிறவர் மூன்றாமவர். கயிறு யாருடையது? இந்த மூவரில் எவரும் வாங்காததால்தான் மாட்டுக் கயிறு மரத்துக்கு வருகிறது. ஏறுகிறவரிடம் வாங்கும் வசதி இல்லை. வாங்கித் தரும் கடமை தமக்கு இல்லை என்று மற்ற இருவரும் நினைக்கின்றனர். நன்கு காய்த்த பெரிய புளியமரம் ஓராண்டில் 150 கிலோவுக்கு மேலும் பழம் தரக்கூடியது. ஒரு தோப்பின் வருவாயில் ஒரு கயிற்றின் விலை எம்மாத்திரம்? தோப்பு வைத்திருக்கும் நம் குடும்பங்கள் குத்தகை பேசும்போதே, நல்ல கயிறும் பட்டையும் இன்றி ஒருவரையும் ஏற்றலாகாது என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். ஊரில் சில குடும்பங்கள் கூடிப் பொதுவில் வாங்குவதானால், அதைக் காக்கும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் ஒப்படையுங்கள். எல்லாரும் காப்பது ஒருவரும் காவாததாக முடியும்.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்போர், வேலூர் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு நிலையத்தை நினைத்துப் பார்க்கட்டும். 1954-இல் வாகன விபத்தில் தம் கால்களின் செயலை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவப் பணியைத் தொடர்ந்தார். அவருடைய உழைப்பால் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அந்நிலையம் 1966-இல் திறக்கப்பட்டது. நம் நாட்டில் முதுகுத்தண்டு முறிவுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று உயரத்திலிருந்து விழுதல். மரத்திலிருந்து விழுந்தவர்கள் அவர்களில் பலர். பெரும்பாலோர் உழைத்துக் குடும்பம் காக்கும் வயதினர். விழுவது ஒருவர், மனைவியின் வேலை, பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் முதுமை எல்லாம் அவரோடு விழுகின்றன.

விபத்து நேர்ந்தே விட்டால், விழுந்தவரைக் கைகால் பிடித்துத் தூக்காதீர்கள். உட்கார வைத்துத் தண்ணீர் புகட்டாதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். பட்டையில் தொங்குகிறவரை வெகுநேரம் தொங்க விடலாகாது. விரைந்து இறக்க வேண்டும். இதற்காகவே தனியாக ஒருவர் மரம் ஏறுவது கூடாது என்கிறோம். கூலிக்கு ஏறுவோர், 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் அமைந்த நலவாரியங்களில் தமக்குரியது எது எனத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்வதும் நன்று.

வரும் பருவத்துக்கு முன் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள கயிறுகளை எல்லாம் வெளியே எடுத்துப் பரப்புங்கள். மாட்டுக்குரியது, கிணற்றுக்குரியது, பாரத்துக்குரியது எனப் பிரித்து வையுங்கள். மரம் ஏறுவதற்கென்று ஒன்றும் இல்லையென்றால், வாங்கும்வரை யாரையும் ஏற அனுமதிக்காதீர்கள். பழம் ஒரு வாரம் மரத்தில் காத்திருந்தால் கெட்டுவிடாது.